நாயும் பிள்ளைகளுமாக நியூலாண்ட்ஸ் காட்டில் ஒரு நாள்: கேப் டவுன் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் மகனுக்கு ஆறு வயது. மலையில் கால் வலித்தால் உடனே சொல்லிவிடுவான், தூக்கச் சொல்லி அடம் பிடிப்பான். மகளுக்குப் பத்து வயது. பசி வந்தால் முகம் சுருங்கிவிடும். திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியார் வாய் திறந்து சொல்ல மாட்டார், ஆனால் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் நாய் மணி இதில் எதையும் செய்யாது. நாக்கு தொங்கத் தொங்க, நான் நடக்கும் வரை அதுவும் நடக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரி ஞாயிறு, இங்கே நல்ல கோடை. காலை பதினோரு மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தோம். ஒரு மணி நேரம் ஏறியிருப்போம். மகளுக்குத் தண்ணீர் கொடுக்க நின்றபோதுதான் மணியைச் சரியாகப் பார்த்தேன். நான்கு கால்களையும் அகட்டி வைத்து நின்றது. மூச்சு ரம்பம் அறுப்பதுபோல் கரகரவென்று வந்தது. "மணி" என்று கூப்பிட்டேன், காது கூட அசையவில்லை. பக்கத்து ஓடையில் இறக்கி, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீரை அள்ளி ஊற்றினோம். மனைவி துண்டால் விசிறிக்கொண்டே இருந்தாள். அரை மணி கழித்துத்தான் அதற்குக் கண்ணில் தெளிவு வந்தது. பதினெட்டு கிலோவையும் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, நேராகக் கால்நடை மருத்துவரிடம் போனோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மலைக்குப் போகும் திட்டம் முழுவதும் மணியை வைத்துத்தான் போடப்படுகிறது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எவ்வளவு தூரம், எங்கே திரும்புவது, எல்லாமே. வாயில்லா ஜீவனுக்கு ஏற்றபடி நாளை அமைத்தால் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது தானாகவே சரியாக இருக்கும். இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கே போகலாம், என்ன அனுமதி வேண்டும்

தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான தேசியப் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் வீட்டு நாய்க்கு இடமில்லை. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் ட்ராகன்ஸ்பர்க் மலைக் காப்பகங்களுக்கு நாயை அழைத்துப் போக முடியாது. கேப் டவுனில் இருப்பவர்களுக்கு அந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில் நாயோடு நடக்கலாம். குடும்பத்தோடு போக எனக்குப் பிடித்தவை இரண்டு: நியூலாண்ட்ஸ் காடு, செசிலியா காடு. இரண்டும் மலையின் கிழக்குச் சரிவில், நல்ல நிழலில் இருக்கின்றன. ரைலாண்ட்ஸில் சிவாலயத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஞாயிறு காலையில் அங்கிருந்து நியூலாண்ட்ஸுக்குக் காரில் இருபது நிமிடம்.

நாயோடு போக, 'மை ஆக்டிவிட்டி பெர்மிட்' என்ற ஆண்டு அனுமதி அட்டை வேண்டும். அதைப் பூங்கா நிர்வாகமான சான்பார்க்ஸ் தருகிறது. எந்தப் பாதையில் நாய் போகலாம், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் வாரத்தில் அவர்களுடைய இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. நியூலாண்ட்ஸ் பாதைகள் தெற்கே அந்தப் பக்கம்தான் நீள்கின்றன. அதனால் எங்கே திரும்ப வேண்டும் என்பதை வீட்டிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். அட்டையைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டியது

நாய்க்கு ஒரு வயது நிரம்பாவிட்டால் நீண்ட ஏற்றம் வேண்டாம். பெரிய இன நாய்களுக்கு எலும்பு முற்ற ஒன்றரை வயது வரை ஆகும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயில் நாளில் மலைக்குக் கூட்டிப் போகவே கூடாது. நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. உடல் சூட்டை மூச்சிரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும், சப்பை மூக்கில் அதற்கு வழி போதாது.

மற்ற நாய்களுக்கு மூன்று வாரப் பழக்கம் போதும். தினமும் மாலையில் 2 கிலோமீட்டர் நடக்கும் நாய் என்றால், வாரா வாரம் கூட்டிக் கூட்டி 6 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் படிக்கட்டு, சரளைக்கல் என்று கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் மட்டுமே நடந்த நாயின் பாதம் மலைக்கல்லில் ஒரே நாளில் தேய்ந்து புண்ணாகிவிடும்.

அதோடு மூன்று சொற்கள். மணிக்கு நாங்கள் தமிழில்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்: "வா", "நில்", "விடு". இதில் "விடு"தான் உயிர் காக்கும் சொல். தரையில் ஒரு பிஸ்கட்டைப் போட்டு, மூக்கு அதனிடம் போகும்போது "விடு" என்று சொல்லுங்கள். நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்த அந்த நொடியே கையிலிருந்து வேறொரு தின்பண்டம் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லை, அதே குரலில் சொல்ல வேண்டும். மாமியார் முதலில் "ஏ, சும்மா இரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "அத்தை, அதுக்கு 'விடு'ன்னாதான் தெரியும்" என்று நான் சொல்லிச் சொல்லி, இப்போது எங்களைவிட அவருக்குத்தான் மணி அதிகம் கட்டுப்படுகிறது.

நாளும் நேரமும்

நியூலாண்ட்ஸ் இந்த நாட்டின் மிக ஈரமான புறநகர்களில் ஒன்று. மலையில் மோதும் மேகம் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. கேப் பகுதியில் மழைக்காலம் குளிர்காலத்தில் வரும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் பாறையும் மரப்பலகையும் வழுக்கும், ஓடைகள் பெருகும். ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் போவது சுகம். டிசம்பர் முதல் மார்ச் வரை போகத்தான் வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்குக் காட்டுக்குள் இருக்க வேண்டும், பத்தரைக்குக் காருக்குத் திரும்பிவிட வேண்டும். கோடையிலும் அது முடிந்த பின் வரும் வறண்ட நாட்களிலும் இன்னொரு ஆபத்து காட்டுத்தீ. 2021 ஏப்ரல் 18 அன்று ரோட்ஸ் நினைவகத்துக்கு அருகே மூண்ட தீ, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் வரை எரித்தது. நியூலாண்ட்ஸ் காட்டுக்கு அது பக்கத்துச் சரிவுதான். காற்று பலமாக வீசும் வறண்ட நாளில் புகை வாசம் வந்தால் மறு யோசனை வேண்டாம், கீழே இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று, வந்த புதிதில் யாரும் சொல்லித்தராதது. இது கிழக்குச் சரிவு. பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஜூனில் ஊருக்குச் சூரியன் மறைவது 5.45 மணி அளவில் என்றாலும், காட்டுக்குள் அதற்கு வெகு நேரம் முன்பே இருட்டும் குளிரும் வந்துவிடும். குளிர்காலத்தில் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்குவது எங்கள் வழக்கம்.

பையில் என்ன, டப்பாவில் என்ன

துணிமணி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிடிப்புள்ள ஷூ, ஆளுக்கொரு காற்றுத் தடுக்கும் சட்டை, தொப்பி, டார்ச், முழுதாகச் சார்ஜ் ஏறிய போன், ஒரு பெரிய துண்டு. துண்டு எதற்கு என்று மேலே படித்திருப்பீர்கள். நாயைத் தூக்கிச் சுமக்கவும் அது உதவும்.

நாய்க்கு இரண்டு மீட்டர் நீளத்தில் சாதாரணக் கயிறு. இழுத்தால் நீளும் வகை வேண்டாம், மரத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்போடு கட்டும் ஹார்னஸ் போட்டால், சறுக்கும் இடத்தில் பிடித்துத் தூக்கலாம். மடக்கும் கிண்ணம், மலம் அள்ளும் பை, பாதத்தில் சுற்ற ஒட்டாத கட்டுத்துணி, உண்ணி பிடுங்கும் கொக்கி.

தண்ணீர்க் கணக்கு: சும்மா இருக்கும் நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை ஒரு நாய்க்கு வேண்டும். பதினெட்டு கிலோ இருக்கும் எங்கள் மணிக்கு அப்படிப் பார்த்தால் நாளுக்குச் சுமார் ஒரு லிட்டர். மலைக்குப் போகும் நாளில் அதற்கென்றே இரண்டு லிட்டர் எடுத்துப் போகிறோம். மனிதர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தனி.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நாம் கட்டிக்கொண்டு போகும் டப்பாவில் பாதி நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும், வதக்கினாலும் வேகவைத்தாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆக, சப்பாத்திக்குக் குருமா, வெங்காயம் போட்ட உருளைக்கிழங்கு மசாலா, இங்கே டர்பன் உறவுகள் வந்தால் கொண்டுவரும் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு), எதுவும் கூடாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளைகள் கையில் இருக்கும் கேசரி, பாயசம், கிஸ்மிஸ் பொட்டலம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பு கலந்த சூயிங்கம், இந்த நாட்டில் எங்கும் கிடைக்கும் மக்கடேமியா பருப்பு, வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் வேண்டாம். பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சியில் உப்பு அதிகம். எங்கள் தீர்வு எளிது: குடும்பத்துக்குப் புளிசாதமும் அப்பளமும், மணிக்குத் தாளிக்காத, உப்புப் போடாத தயிர்சாதம் தனி டப்பாவில். அந்த டப்பாவின் மூடியில் மகள் ஒரு நாயின் முகம் வரைந்து வைத்திருக்கிறாள், மாறிப் போகாமல் இருக்க. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் மணிக்குப் பாதி வயிறு உணவு, மீதி மலையில் ஓய்வின்போது.

நடை

எம்3 சாலையை ஒட்டியே வனநிலையமும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. காருக்குள் கண்ணில் படும்படி எதையும் விட்டுப் போகாதீர்கள். காட்டுப் பாதைகளில் வழிப்பறி நடப்பதுண்டு. நான்கு பேருக்குக் குறையாமல் போவது, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, இரண்டையும் நாங்கள் தவறவிடுவதில்லை. நாங்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வோம்.

நிலையத்திலிருந்து மண்சாலை மெல்ல ஏறும். முதல் பதினைந்து நிமிடம் வேண்டுமென்றே ஆமை நடை. பிள்ளைகளும் நாயும் அந்த நேரத்தில்தான் துள்ளிக் குதித்துப் பலத்தைச் செலவழித்துவிடுவார்கள். ஓடை ஓரமாக மேலே போய், மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் காண்டூர் பாதையைத் தொட்டு, அதில் கொஞ்ச தூரம் நடந்து, வேறு பாதையில் இறங்கினால் ஒரு நல்ல வட்டம். கல் சரிந்த இடங்களில் மரப்பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். பலகை இடுக்கில் நாயின் நகம் மாட்டாமல் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் இரண்டு மணி நேரத்தில் முடியும். எங்களுக்கு ஓய்வும் சாப்பாடும் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஆகும்.

அவசரப்படாமல் நடந்தால் காடு நிறையக் காட்டும். இந்த நாட்டின் தேசிய மரமான யெல்லோவுட் இங்கே நிற்கிறது. ஸ்டிங்க்வுட், அசெகாய் மரங்களும் உண்டு. டச்சுக்காரர்கள் 1652-ல் வந்து இறங்கியதும் கப்பலுக்கும் வீட்டுக்கும் மரம் வெட்டியது இந்தச் சரிவுகளில்தான். மரம்வெட்டிகளைக் கண்காணித்தவர் குடியிருந்த 'பாரடைஸ்' வீட்டின் இடிந்த கற்சுவர்கள் காட்டுக்குள் இன்னும் இருக்கின்றன. சில மரங்களில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரியும். நாட்டு மருந்துக்காகத் திருட்டுத்தனமாக உரித்த பட்டை அது. சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் செத்துப்போகும். மகள் முதன்முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். மணியும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நடக்கும் வரிசை இது: முன்னால் ஒரு பெரியவர், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் மாமியார், கடைசியில் நாயோடு நான். முன்னால் நாயை விட்டால் அது இழுக்கும் வேகத்துக்கு எல்லோரும் ஓட வேண்டிவரும்.

நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை நிற்கிறோம், யாரும் கேட்காவிட்டாலும். அந்த நிறுத்தத்தில் மகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. மணியின் மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுப்பாள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு ஈரமாக வழவழப்பாக இருக்க வேண்டும், விரலில் ஒட்டினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அப்புறம் நான்கு பாதங்களையும் புரட்டி விரலிடுக்கைப் பார்ப்பாள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்.

ஈறு செங்கல் நிறமாகிவிட்டால், நாக்கு அகன்று நுனி மடங்கித் தொங்கினால், கெட்டியான எச்சில் வடிந்தால், நிழலைத் தேடிப் படுத்துவிட்டால், அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். முதலில் அங்கேயே தண்ணீர் ஊற்றி, விசிறி, சூட்டைத் தணிக்க வேண்டும். மருத்துவரிடம் ஓடுவது அதற்குப் பிறகுதான். ஈரத்துண்டால் போர்த்தி மூடாதீர்கள், உள்ளே சூடு தங்கிவிடும்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து போனில் அலாரம் வைத்துவிடுங்கள். அலாரம் அடிக்கும்போது எங்கே நின்றாலும் அங்கிருந்து திரும்புகிறோம். மேலே நல்ல காட்சி இருக்கிறது என்று பத்து நிமிடம் கூட்டினாலும், பிள்ளைகளோடு இறங்கும்போது அது அரை மணியாக வந்து நிற்கும்.

பாம்பு, கொப்புளச் செடி, காளான்

பஃப் ஆடர் நம் ஊர் கண்ணாடி விரியனுக்கு உறவு. குட்டை, தடிமன், வெயில் காயப் பாதையிலேயே அசையாமல் கிடக்கும். ஆள் வரும் சத்தத்துக்கு நகராது. கேப் நாகமும், மரத்தில் வாழும் பூம்ஸ்லாங்கும் இங்கே உண்டு. நாயைக் கயிற்றில் வைத்திருந்தால் பெரும்பாலான ஆபத்து விலகிவிடும். கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். நாயை நடக்க விடாமல் துண்டில் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். விஷமுறிவு மருந்து கைவசம் இருக்கிறதா என்று மருத்துவமனைக்கு வழியிலேயே போன் செய்துவிடுங்கள்.

ஈரமான நிழல் சரிவுகளில் ஒரு செடி உண்டு. இலையைப் பார்த்தால் பெரிய கொத்தமல்லி போல இருக்கும். பிளிஸ்டர் புஷ் என்பார்கள். தொட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. தோலில் பட்ட சாற்றின் மேல் வெயில் விழுந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துக் கொப்புளம் வரும், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பட்டது தெரிந்தால் உடனே கழுவி, அந்த இடத்தை நாள் கணக்கில் துணியால் மூடி வையுங்கள். மாமியாருக்கு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்க்கும் பழக்கம். அவருக்கு இதை இரண்டு முறை சொன்னோம்.

இலையுதிர் காலத்தில், கேப் டவுனின் ஓக் மரங்களுக்கு அடியில் டெத் கேப் என்ற வெளிர்பச்சைக் காளான் முளைக்கும். மனிதரையும் நாயையும் கொல்லும். நாய் எந்தக் காளானை மோந்தாலும் "விடு".

வழி தவறினாலோ அடிபட்டாலோ, கேப் மலை மீட்புக் குழுவின் எண் 021 937 0300. போனிலிருந்து 112-ம் போடலாம். பள்ளங்களில் சிக்னல் வராது, திறந்த மேட்டுக்கு ஏறி அழைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே விதி: வழி தெரியாவிட்டால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நில், விசிலை ஊது.

வீட்டுக்கு வந்த பிறகு

களைப்பில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டு உண்ணி மூலம் நாய்களுக்கு பிலியரி என்ற நோய் வருகிறது. பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்த அணுக்களுக்குள் புகுந்து உடைத்துவிடும். இங்கே இருக்கும் பபீசியா ராஸி என்ற வகை மிகக் கொடியது, சிகிச்சை தாமதித்தால் நாய் பிழைக்காது.

எனவே குளிப்பாட்டும் முன் வாசலிலேயே தேடல். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, வாலடி, விரலிடுக்கு. விரல் நுனியை மயிருக்கு எதிராக ஓட்டினால் மிளகு போல் தட்டுப்படும். கொக்கியைத் தோலோடு ஒட்டிச் செருகி, மெல்லத் திருகி எடுங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். பிள்ளைகளின் காது மடலையும் முழங்கால் மடக்கையும் அதே மாதிரி பாருங்கள். உண்ணித் தடுப்பு மாத்திரையோ சொட்டு மருந்தோ கிளம்பும் முன்பே போட்டிருக்க வேண்டும். அது போட்டாலும் தேடலை விடக் கூடாது.

போன வருடம் மே மாதத்தில் நாங்கள் நன்றாகத் தேடினோம் என்றுதான் நினைத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் காலை, மணி தயிர்சாதத்தை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மகள் வழக்கம்போல் உதட்டைத் தூக்கினாள். "அப்பா, அழுத்தாமலே வெள்ளையா இருக்கு" என்றாள். ஈறு வெந்த சோறு நிறத்தில் இருந்தது. அன்று காலையிலேயே கூட்டிப்போனதால், ஊசி போட்டு, இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து, காப்பாற்றிக் கொடுத்தார்கள். பின்னங்காலின் இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு சின்ன உண்ணி இருந்ததை மருத்துவர்தான் காட்டினார்.

அதற்குப் பிறகு, மலைக்குப் போய்வந்த நாளிலிருந்து 21 நாட்களைச் சமையலறைக் காலண்டரில் கட்டம் போட்டு வைக்கிறோம். தினமும் காலையில் ஈறு பார்த்து மகள் ஒரு கோடு கிழிப்பாள். சாப்பாட்டில் நாட்டமில்லை, சோம்பிக் கிடக்கிறது, உடம்பு சுடுகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் டீ டிக்காஷன் போல் போகிறது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய், காட்டுக்குப் போன தேதியைச் சொல்லி, ரத்தத்துளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.